காப்பைக் கழற்றுமுன்



வீட்டில் ஒரு மகன், "நான் வேலைக்குப் போகப் போவதில்லை, சொந்தமாக ஒரு தொழில் தொடங்கப் போகிறேன்" என்று சொன்னால் முதலில் கழறுவது யாருடைய காப்பு? உம்மாவுடைய காப்பு. அது போதாவிட்டால் மனைவியின் மாலை. அதுவும் போதாவிட்டால் அலுமாரிக்குள் இருக்கும் வீட்டு உறுதி. எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் வீடு என்பது பெரும்பாலும் பெண்பிள்ளைக்கென்று கட்டப்படுவது, அவளுக்குச் சீதனமாகப் போவது. அந்த உறுதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் பாலம் கடந்து, புளியந்தீவுக்கு வங்கி அலுவலாக வரும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் "இந்தப் பணத்தை மகனுக்கு என்னவென்று கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "என்னவென்று கொடுப்பது, பிள்ளைக்குத்தானே!" என்பார்கள்.

இந்தப் பதிலைப் பற்றித்தான் இம்மாதம் பேச வேண்டும்.

படித்த பிள்ளைகள் இப்போது தொழில் என்று சொல்வதில்லை, ஸ்டார்ட்அப் என்கிறார்கள். அதற்குப் பணம் போடுபவர்களை வென்ச்சர் கெப்பிட்டல்காரர் என்கிறார்கள். தமிழில் துணிகர மூலதனம். பெயர் பெரிதாக இருந்தாலும் விடயம் எளிது. வெற்றி பெறுமா என்று தெரியாத ஒரு புதிய தொழிலுக்கு ஒருவர் பணம் போடுகிறார். அது கடன் அல்ல. மாதத் தவணை இல்லை, வட்டி இல்லை, ஈடு இல்லை. அதற்குப் பதிலாகக் கம்பனியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். கம்பனி உயர்ந்தால் அவருடைய பங்கும் உயரும். மூழ்கினால் அவருடைய பணமும் சேர்ந்து மூழ்கும். தொழில் நடத்தியவனின் வீட்டுக் கதவை அவர் தட்ட முடியாது.

இந்த முறைக்கு நவீன காலத்தில் ஒழுங்கான உருவம் கொடுத்தவர்களில் ஒருவர் ஜோர்ஜ் டோரியோ. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் படிப்பித்தவர். 1946இல் அவரும் சிலரும் சேர்ந்து இப்படிப் பணம் போடுவதற்கென்றே ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். 1957இல் இரண்டு இளம் பொறியியலாளர்கள் கணினி செய்ய வேண்டுமென்று வந்தபோது 70,000 டொலர் கொடுத்து, அவர்களுடைய டிஜிட்டல் எக்குவிப்மன்ட் கம்பனியில் 70 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து வருடம் செல்வதற்குள் அந்தப் பங்கின் பெறுமதி 35 கோடி டொலரைத் தாண்டிவிட்டது. இந்தக் கதையைக் கேட்டுத்தான் உலகம் முழுவதும் இந்தத் தொழிலுக்குள் ஆட்கள் இறங்கினார்கள். அதே நிறுவனம் பணம் போட்ட எல்லாக் கம்பனிகளும் இப்படி வளரவில்லை என்பதை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

சகோதரிகளே, பங்குக்குப் பணம் கொடுத்தல் அமெரிக்காவில் பிறந்த குழந்தை அல்ல. எங்கள் உம்மா கதீஜா (ரழி) அவர்கள் மக்காவில் வணிகம் செய்த விதத்தை ஸீரா ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தாமே ஒட்டகமேறிப் போகவில்லை. நம்பிக்கையானவர்களிடம் பணத்தையும் சரக்கையும் ஒப்படைத்து, இலாபத்தில் பங்கு என்று பேசி அனுப்புவார்கள். அப்படித்தான் நபி (ஸல்) அவர்களும் நுபுவ்வத்துக்கு முன்னர் ஷாம் தேசத்துக்குப் போனார்கள். கதீஜா (ரழி) அவர்களுடைய பணியாள் மைஸராவும் கூடப் போனார். இதைத்தான் பிக்ஹு நூல்கள் முழாரபா என்றும், ஹிஜாஸ் வழக்கில் கிராழ் என்றும் அழைக்கின்றன. ஒருவருடைய பணம், மற்றவருடைய உழைப்பு, இலாபம் பேசிய விகிதப்படி இருவருக்கும். பிற்காலத்தில் இத்தாலிய வணிகர்கள் நடத்திய கொமெண்டா என்ற கடல் வணிக ஒப்பந்தத்துக்கும் இந்தக் கிராழுக்கும் உறவு உண்டு என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள்.

நட்டம் யாருக்கு? இங்கேதான் கடனுக்கும் பங்குக்கும் உள்ள வேறுபாடு நிற்கிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களுடைய முவத்தாவில் கிராழ் பற்றிய பாடத்தின் தொடக்கத்தில் ஒரு சம்பவம் வருகிறது. உமர் (ரழி) அவர்களுடைய இரண்டு புதல்வர்கள், அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும், படையோடு இராக் பக்கம் போய்த் திரும்பும் வழியில் பஸராவுக்கு வருகிறார்கள். அங்கே ஆளுநராக இருந்தவர் அபூமூஸா அல்அஷ்அரி (ரழி). மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய அரச பணம் அவரிடம் இருந்தது. "இதை உங்களுக்குக் கடனாகத் தருகிறேன். இங்கே சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலை அமீருல் முஃமினீனிடம் கொடுத்துவிட்டு இலாபத்தை வைத்துக்கொள்ளுங்கள்" என்ற கருத்தில் அவர் பேசினார். அவர்களும் அப்படியே செய்து நல்ல இலாபம் கண்டார்கள்.

உமர் (ரழி) அவர்களிடம் முதலைக் கொடுத்தபோது அவர்கள் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். படையில் இருந்த எல்லோருக்கும் அவர் இப்படிக் கடன் கொடுத்தாரா? இல்லை என்றார்கள். அப்படியானால் என் பிள்ளைகள் என்பதற்காகத்தானே கொடுத்தார். முதலையும் கொடுங்கள், இலாபத்தையும் கொடுங்கள் என்று தீர்ப்பாகிவிட்டது. அப்துல்லாஹ் பேசவில்லை. உபைதுல்லாஹ் விடவில்லை. "இந்தப் பணம் குறைந்திருந்தால், தொலைந்திருந்தால் நாங்கள்தானே பொறுப்பு?" என்று வாதாடினார். சபையில் இருந்த ஒருவர், "இதைக் கிராழாக ஆக்கிவிடலாமே" என்று யோசனை சொன்னார். உமர் (ரழி) அவர்கள் முதலையும் இலாபத்தில் பாதியையும் எடுத்துக்கொண்டு, மறு பாதியைப் பிள்ளைகளுக்கு விட்டார்கள்.

பாருங்கள், அது சொந்த வாப்பாவுக்கும் மகன்மாருக்கும் இடையில் நடந்த பேச்சு. அங்கே "பிள்ளைக்குத்தானே" என்று யாரும் சொல்லவில்லை. இது கடனா, பங்கா, நட்டம் வந்திருந்தால் யார் தலையில் என்று கணக்காகப் பேசினார்கள். அதனால் அவர்களுடைய பாசத்தில் ஒரு குறையும் வந்ததாக நாம் படிக்கவில்லை.

பங்கு முறை எங்கள் ஊருக்கும் புதிதல்ல. கரைவலை இழுக்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள். மீன் விற்ற பணத்தில் செலவைக் கழித்து, தோணிக்கும் வலைக்குமாகச் சம்மாட்டி ஒரு பங்கை எடுக்க, மிச்சத்தை இழுத்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். விகிதம் ஊருக்கு ஊர் மாறும். மீன் படாத நாளில் சம்மாட்டிக்கும் இல்லை, இழுத்தவனுக்கும் இல்லை. (முற்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப் போடும் சம்மாட்டிமாரும் உண்டு. அது வேறு கதை.) வயலை வாரத்துக்கு விடுவதும், ஆட்டைப் பங்குக்கு வளர்க்கக் கொடுப்பதும் இதே வழியில் வந்தவைதான். எழுத வாசிக்கத் தெரியாத எங்கள் மூத்தம்மாமாருக்கு, ஆடு செத்தால் யாருக்கு நட்டம், குட்டி போட்டால் யாருக்கு எந்தக் குட்டி என்று சரியாகத் தெரிந்திருந்தது. காப்பு விடயத்தில்தான் அந்தத் தெளிவு காணாமல் போகிறது.

கடன் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். வட்டி ஹராம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. அது எப்படிக் குடும்பத்தைத் தின்கிறது என்ற கணக்குத்தான் பலருக்குத் தெரியாது. ஐந்து இலட்சம் ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம், இரண்டு வருடம் என்று ஒரு கம்பனி சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 என்பது முழுத் தொகைக்கும் இரண்டு வருடத்துக்கும் சேர்த்துப் போடப்படுகிறது. வட்டி மட்டும் 2,40,000. மாதத் தவணை ஏறத்தாழ 30,830 ரூபாய். ஆனால் நீங்கள் மாதா மாதம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். கடைசி மாதத்தில் உங்கள் கையில் அவர்களுடைய முதல் அநேகமாக இல்லவே இல்லை. அதற்கும் வட்டி கட்டுகிறீர்கள். உண்மையில் மிஞ்சியிருக்கும் முதலுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் அந்த 24 சதவீதம் ஏறத்தாழ 41 சதவீதம். தொழில் தொடங்கி முதல் ஆறு மாதத்தில் தையல் இயந்திரம் வாங்கி, ஆள் பிடித்து, பெயர் பரவுவதற்குள் தவணைக்காரன் ஆறு தடவை வந்து போய்விடுவான். நுண்கடன் எங்கள் மாகாணத்துப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை நீங்கள் அறிவீர்கள். 2018இல் அரசாங்கமே முன்வந்து, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் எடுத்திருந்த ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது.

வங்கிக் கடனும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தீர்மானத்தில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்த சிறு முதலாளிகள் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரத்திலேயே கூடிய தவணை கட்ட வேண்டியவர்கள் ஆனார்கள். ஓடாத தொழிலிலிருந்தும் தவணை கேட்பதுதான் கடனின் குணம்.

"அப்படியானால் மௌலவி, எங்கள் மகனும் துணிகர மூலதனம் கேட்டுப் போகட்டுமா?" என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் அந்தப் பணம் எந்த மாதிரித் தொழிலைத் தேடுகிறது என்று அறிந்து போக வேண்டும்.

பத்துக் கம்பனிக்குப் பணம் போடுபவர், அதில் பல மூழ்கும் என்று தெரிந்தே போடுகிறார். மூழ்கியவற்றின் நட்டத்தையெல்லாம் மிஞ்சிய ஒன்றோ இரண்டோ ஈடுகட்ட வேண்டும். ஆகவே இரண்டு மடங்கு வளரும் கடை அவருக்கு வேண்டாம். ஐம்பது மடங்கு வளரக்கூடியதுதான் வேண்டும். காத்தான்குடிப் பிரதான வீதியில் ஒரு புடைவைக் கடை, ஏறாவூரில் ஒரு பேக்கரி, நாலு இயந்திரத்தோடு அபாயா தைக்கும் ஒரு வீடு, இவை எல்லாம் பரக்கத்தான தொழில்கள். பல குடும்பங்களுக்குச் சோறு போடுபவை. ஆனால் துணிகர மூலதனக்காரர் தேடுபவை அல்ல. அவரிடம் போய்க் காத்துக் கிடப்பது காலவிரயம்.

சென்னையில் நடந்த இரண்டு கதைகள் இதற்குப் பொருத்தம். கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் ஆரம்பித்த கம்பனி இன்று ஃப்ரெஷ்வேர்க்ஸ் என்று அழைக்கப்படுகிறது. 2011இல் அக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் 10 இலட்சம் டொலர் போட்டது. பின்னர் வேறு பலரும் போட்டார்கள். 2021 செப்டம்பரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. அதே கிரிஷ் அதற்கு முன்னர் வேலை செய்த இடம் ஸோஹோ. 1996இல் வேறு பெயரில் தொடங்கிய அந்தக் கம்பனி, ஸ்ரீதர் வேம்பு தலைமையில், துணிகர மூலதனக்காரர் ஒருவரிடமும் பங்கு விற்காமல், சம்பாதித்ததையே திரும்பப் போட்டு உலகம் முழுவதும் வாடிக்கையாளர்களைப் பிடித்தது. இரண்டும் மென்பொருள். இரண்டும் சென்னை. ஒருவர் வெளிப் பணத்தோடு வேகமாக ஓடினார், மற்றவர் தன் கால் எட்டும் தூரம் நடந்தார். இரண்டு வழியும் போய்ச் சேர்ந்தன. எங்கள் நாட்டிலும் ஜிப்ரி சுல்பர் தொடங்கிய பிக்மீ வாடகை வாகனச் சேவை 2015இல் ஓடத் தொடங்கியது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி. உட்பட வெளி முதலீட்டாளர்கள் அதில் பணம் போட்டார்கள். 2024இல் கொழும்புப் பங்குச் சந்தையில் அது பட்டியலிடப்பட்டது. ஒரு தொலைபேசிச் செயலி நாடு முழுக்கப் பரவும். அதனால் அதற்கு அந்தப் பணம் பொருந்தியது.

வெளியார் பணம் வரும்போது பங்கு குறைவதையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். ஒருவர் 20 இலட்சம் போட்டு 20 சதவீதம் எடுக்கிறார் என்றால் பிள்ளைக்கு மிச்சம் 80. அடுத்த வருடம் இன்னொருவர் வந்து புதிய பங்காக 20 சதவீதம் எடுத்தால் அந்த 80இலும் ஐந்தில் ஒன்று போய் 64 ஆகும். இன்னும் இரண்டு முறை இப்படியே நடந்தால் சொந்தக் கம்பனியில் பாதிக்கும் குறைவுதான் மிஞ்சும். வட்டிலப்பம் பெரிதானால் சின்னத் துண்டும் வயிறு நிறைக்கும் என்பது உண்மை. சட்டி பெரிதாகாமல் துண்டு மட்டும் சிறுத்துப் போனவர்களும் உண்டு.

மார்க்கப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. பங்கு என்று பெயர் வைத்துவிட்டு, "இலாபமோ நட்டமோ என் பணம் இரண்டு மடங்காகத் திரும்ப வேண்டும்" என்று நிபந்தனை போட்டால், அல்லது தொழில் நடத்துபவரிடமே முதலுக்கு உத்தரவாதம் வாங்கினால், அது வேறு உடை உடுத்திய கடன். மலேசியாவின் பங்குகள் ஆணைக்குழு 2008இலேயே இஸ்லாமிய துணிகர மூலதனத்துக்கென்று வழிகாட்டல்களை வெளியிட்டது. எங்கள் நாட்டில் 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கிமுறைக்கு இடம் கிடைத்தது. 2011இல் அமானா வங்கி முழு அளவில் வந்தது. ஆனாலும் உலகெங்கும் இத்தகைய வங்கிகள் அதிகம் செய்வது பொருளை வாங்கி இலாபம் வைத்து விற்கும் முராபஹாவும் வாடகை முறையான இஜாராவும்தான். நட்டத்திலும் தோள் கொடுக்கும் முழாரபாவில் தொழிலாளிக்குப் பணம் போடுவது குறைவு. என்னைக் கேட்டால், அந்த இடம் இன்னும் வெற்றிடமாகவே கிடக்கிறது. அந்த வெற்றிடத்தை இன்றைக்கு நிரப்பிக்கொண்டிருப்பது உங்கள் காப்புத்தான்.

ஆகவே காப்புக்கு வருவோம். நீங்கள் கொடுப்பது மூன்றில் ஒன்று. அன்பளிப்பு, கடன், பங்கு. மூன்றும் ஹலால். ஒன்றுக்கொன்று மாற்றிப் பேசுவதுதான் பின்னால் குடும்பத்தைப் பிரிக்கிறது.

அன்பளிப்பு, அதாவது ஹிபா என்றால் கொடுத்தது கொடுத்ததுதான். தொழில் உயர்ந்தால் உங்களுக்குப் பங்கில்லை, மூழ்கினால் கேள்வியில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகள்? நுஃமான் பின் பஷீர் (ரழி) அவர்களுடைய தந்தை, மகனுக்கு ஓர் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று அவர்கள் கேட்டதும், இல்லை என்றதும் சாட்சியாக மறுத்ததும் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மகளுக்கென்று கட்டிய வீட்டின் உறுதியை மகனுடைய தொழிலுக்கு ஈடு வைக்கும் தாய்மார் இந்த ஹதீஸை இரண்டு முறை வாசிக்க வேண்டும். மகள் சிறியவளாக இருக்கும்போது ஈடு வைக்கிறார்கள். அவளுக்கு மாப்பிள்ளை பேசும் நேரத்தில் வங்கியிலிருந்து கடிதம் வருகிறது. தொழிலை மகன் செய்தான், நட்டத்தை மகள் சுமந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

கடன் என்றால் வட்டியில்லாக் கடன், கர்ழ் ஹஸன். திரும்பி வர வேண்டியது. எதைக் கொடுத்தீர்களோ அதையே கேட்கலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. நகையாகவே கடன் கொடுத்தால் அதே எடை, அதே தரப் பொன்னைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விற்று ரூபாயாகக் கொடுத்தால் ரூபாய்தான் திரும்பும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. பொன் விலையும் அதோடு ஏறியது. அதற்கு முன்னர் பத்துப் பவுணை விற்று மகனுக்கு ரூபாய்க் கடன் கொடுத்த உம்மாவுக்கு, அதே ரூபாய் ஒரு சதமும் குறையாமல் திரும்பி வந்தாலும், பத்துப் பவுண் திரும்பி வராது. கொடுக்கும் முன்னரே எடையா, ரூபாயா என்று பேசிக்கொள்ளுங்கள்.

பங்கு என்றால் முழாரபா. உதாரணமாக ஐந்து இலட்சம் கொடுக்கிறீர்கள். இலாபத்தில் தொழில் செய்யும் பிள்ளைக்கு 60, உங்களுக்கு 40 என்று பேசுகிறீர்கள். முதல் வருடம் ஓர் இலட்சம் நட்டம். முதல் நாலு இலட்சமாகக் குறைந்துவிட்டது. அந்த நட்டம் உங்களுடையது. பிள்ளைக்கு ஒரு வருட உழைப்பு வீண். இரண்டாம் வருடம் இரண்டரை இலட்சம் இலாபம். உடனே பங்கு பிரிக்க முடியாது. முதலில் குறைந்த ஓர் இலட்சத்தை முதலில் நிரப்ப வேண்டும். மிச்சம் ஒன்றரை இலட்சத்தில் பிள்ளைக்கு 90,000, உங்களுக்கு 60,000. பிள்ளை கவனக்குறைவாகவோ பேச்சை மீறியோ அழித்திருந்தால் மட்டும் அவன் பொறுப்பு. "மாதம் பத்தாயிரம் தந்துவிடு மகனே" என்று நிலையான தொகை பேசினால் முழாரபா உடைந்துவிடும். விகிதம்தான் பேச வேண்டும்.

மின்ஹாஜ் ஓதியவர்கள் ஒன்றைக் கேட்கக்கூடும். நூல் வாங்கி நெய்து விற்பதற்கோ கோதுமை வாங்கி ரொட்டி சுட்டு விற்பதற்கோ கிராழ் கொடுத்தால் அது செல்லாது என்று இமாம் நவவி (ரஹ்) எழுதியிருக்கிறார்களே என்று. உண்மை. ஷாபிஈ மத்ஹபின் பழைய தீர்வில் கிராழ் என்பது வாங்கி விற்கும் வியாபாரத்துக்குரியது. உற்பத்திக்கு ஹனபி, ஹன்பலி மத்ஹபுகளில் விசாலம் உண்டு; இன்றைய பிக்ஹு சபைகள் பெரும்பாலும் அதையே எடுக்கின்றன. தையலும் பேக்கரியும் செய்பவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு ஒப்பந்தத்தை அமைத்துக்கொள்வது பேணுதல். அடகு வைத்துப் பணம் எடுத்துப் பங்கு போடலாமா என்றால், வட்டிக்கு அடகு வைப்பது கூடாது. அதோடு, அடகுப் பணம் உங்கள் முதல் அல்ல, அது ஒரு கடன். பங்கு போடுபவர் விற்றுப் போடட்டும். அல்லது போடாமல் இருக்கட்டும்.

பணம் கேட்டு வரும் மகனிடம், மகளிடம், மருமகனிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். துணிகர மூலதனக்காரர் கேட்பதும் இதையேதான், கோட் போட்டுக்கொண்டு கேட்பார். உறவினர் அல்லாத எத்தனை பேர் காசு கொடுத்து உன் பொருளை வாங்கினார்கள்? (மாமி வாங்கியது கணக்கில் வராது.) ஒன்று செய்ய உனக்கு என்ன செலவு, எவ்வளவுக்கு விற்கிறாய், உன் சொந்தச் சம்பளத்தை அதில் சேர்த்தாயா? இந்தப் பணம் எத்தனை மாதத்துக்குப் போதும்? கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பையிலா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் "ஆம்" என்றால், காப்பைக் கையிலேயே விட்டுவிடுங்கள்.

கூட்டாளி இருக்கிறானா என்றும் கேளுங்கள். இரண்டு நண்பர்கள் பாதிப் பாதி என்று தொடங்குவார்கள். மூன்றாம் மாதம் ஒருவனுக்கு கட்டார் விசா வந்துவிடும். அவன் போய்விடுவான், பாதிக் கம்பனி அவனோடு போய்விடும். இதனால்தான் வெளிநாட்டுக் கம்பனிகளில் பங்கை ஒரே நாளில் கொடுப்பதில்லை. நாலு வருடம் கூட இருந்து உழைத்தால்தான் முழுப் பங்கு, முதல் வருடம் முடியுமுன் போனால் ஒன்றும் இல்லை என்று எழுதுவது அங்கே வழக்கம்.

எழுதுவது என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். "உம்மாவுக்கும் மகனுக்கும் இடையில் எழுத்தா?" என்று கேட்பவர்களுக்கு, குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல, அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், தவணைக்குக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ளச் சொல்வது என்று நினைவூட்டுங்கள். தொகை சிறிதென்று சலித்துக்கொள்ளவும் அது விடவில்லை. நாட்டுச் சட்டமும் சும்மா விடவில்லை. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட முதலோடு கூட்டு வியாபாரம் ஏற்படுத்தும் ஒப்பந்தம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆயிரம் ரூபாய் அன்று பெரும் பணம். இன்று அது ஒரு நேரக் கறிச் செலவு; ஆகவே எந்தக் கூட்டும் இதற்குள் அடங்கும். தொழில் கம்பனியாகப் பதிவாவதானால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் பங்குகள் யார் யார் பெயரில் என்று பதிய வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகனுடைய நண்பன் பெயர் இருக்கும், மச்சானுடைய பெயர் இருக்கும். பத்துப் பவுண் கொடுத்த உம்மாவின் பெயர் இருக்காது.

கம்பனி இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தாள் போதும், இப்படி எழுதலாம்:

"இன்ன திகதியில், இன்னாராகிய நான், எனது சொந்த நகைகளை விற்றுப் பெற்ற இத்தனை ரூபாயை, எனது மகன் இன்னாருக்கு, இன்ன வியாபாரத்துக்கு முழாரபா முதலாக ஒப்படைத்துள்ளேன். இலாபத்தில் அவருக்கு இத்தனை வீதம், எனக்கு இத்தனை வீதம். அவருடைய கவனக்குறைவோ மீறுதலோ இல்லாமல் ஏற்படும் நட்டம் எனது முதலைச் சேரும். ஒவ்வொரு ஆண்டும் ரமழானுக்கு முன்னர் கணக்குப் பார்த்து இருவரும் கையொப்பமிடுவோம். நான் மௌத்தானால் இந்த முதலும் அதுவரை சேர்ந்த இலாபப் பங்கும் எனது வாரிசுகள் அனைவருக்கும் உரியவை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மௌத்துக்குப் பிறகு, "உம்மா எனக்குத்தான் தந்தார்" என்று ஒருவரும், "எங்களுக்கும் அதில் இருக்கிறது" என்று மற்றவர்களும் நிற்பது அந்த வரி இல்லாததால்தான். ரமழானுக்கு முன்னர் என்று எழுதச் சொன்னது ஸகாத்தையும் அதே கணக்கில் பார்த்துக்கொள்வதற்காக. வியாபார முதலுக்கும் சரக்குக்கும் இரண்டரை சதவீதம் உண்டு.

சாட்சிக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் அந்த மகனுடைய கூட்டாளியாக இருக்கக் கூடாது. பிரதி இரண்டு எடுங்கள். ஒன்று மகனிடம் இருக்கட்டும். மற்றது, காப்பு இருந்த அதே அலுமாரியில்.